கைபடாத மார்க்

“நான் கொண்டுபோய் விட்ட ஆளு உயிரோட இருக்காரா, செத்துப்போயிட்டாரா? அதைச் சொல்லுங்க சார்.”

மாரிக்கனி கேட்டேவிட்டாள். ஆம்புலன்ஸ் வேலையில் சேர்ந்த முதல் நாளே, இதை மட்டும் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் கையில் சீருடையைக் கொடுத்தார்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டால் உங்கள் பாடு முடிந்தது. வார்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. சொந்தக்காரரிடம் போன் நம்பர் வாங்கக் கூடாது. பிழைத்தாரா என்று வாசலில் நிற்கும் காவலாளியிடம்கூட விசாரிக்கக் கூடாது. பயிற்சி கொடுத்தவர் எல்லோரையும் எழுந்து நிற்கவைத்து இதை ஒப்பிக்கச் சொன்னார். மாரிக்கனிதான் எல்லோரையும்விட உரக்க ஒப்பித்தாள். வேலை அவ்வளவு அவசியமாக இருந்தது.

டீயை உறிஞ்சப்போன டாக்டர் வைரவன் கிளாஸைக் கீழே வைத்தார். தென் மாவட்டங்களில் ஓடும் ஆம்புலன்ஸ்கள் எல்லாவற்றிலும் இருக்கிற நெற்றிப்பட்டைக்கு அவர்தான் பொறுப்பு. மதுரைக்கு வெளியே புறவழிச்சாலையில் புதிதாக எழுந்த தென்மண்டல விபத்து மையத்தின் நாலாவது மாடியில் அவர் அறை. கீழே ஆம்புலன்ஸ்கள் வருவதும் போவதும் அங்கிருந்து பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரியும்.

“ஷிப்ட் மாத்தணும்னு கேட்டு வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்மா.”

“அது கேட்டாலும் கிடைக்காது சார். இதுவும் கிடைக்காதுன்னுதான் சொன்னாங்க. ரெண்டுல எதுன்னு பாத்தேன். இதுதான் தூங்கவிட மாட்டேங்குது.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் வெளியே போ என்றும் சொல்லவில்லை. அது போதும் என்று மாரிக்கனி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாராவது உட்காரச் சொல்லும்வரை நிற்கிற பழக்கத்தை அவள் காலேஜ் முடிக்கும்போதே விட்டுவிட்டாள்.

“ஆள் யாரு?”

“சுடலைமுத்து. லோடுமேன். லோடு ஆட்டோவுல மூட்டை மேல உக்காந்து வந்தவரு, முள்ளிப்பட்டிக்கு ரோடு பிரியுற விலக்குல சடன் பிரேக் போட்டதுல ரோட்டுல விழுந்துட்டாரு. போன செவ்வாக்கிழமை. வயித்துல அடி. வெளிய பாத்தா ஒரு கீறல்தான். வண்டியில வரும்போது நல்லாப் பேசிக்கிட்டு வந்தாரு சார். ‘தங்கச்சி, என் செருப்பு ஒத்தை அங்கன கெடக்கும், எடுத்தீகளா, புதுச் செருப்பு’ன்னாரு. சாகப்போற மனுசன் செருப்பையா கேப்பாரு?”

“கேப்பாங்க. நான் பாத்திருக்கேன்.”

“நாடி நல்லா ஓடிச்சு. நான் புடிச்சுப் பாத்தேன். ஆனா பட்டை இருபத்தொண்ணு காட்டிச்சு.”

பட்டை வந்த பிறகு ஆம்புலன்ஸில் யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. அடிபட்டவரின் நெற்றியில் ஒட்டினால் ஒரு நிமிஷத்தில், பிழைக்கிற வாய்ப்பு நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் வரும். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு; ரோட்டில் எல்லோருக்கும் அது மார்க். முப்பதோ அதற்கு மேலோ வாங்கினால் வண்டி இந்த மையத்துக்கு வரும். இங்கே எந்நேரமும் அறுவை சிகிச்சைக்கு ஆள் உண்டு. ஆனால் முள்ளிப்பட்டியிலிருந்து ஒன்றேகால் மணி நேர ஓட்டம். முப்பதுக்குக் கீழே போனால், அவ்வளவு தூரம் தாங்கமாட்டார் என்று அர்த்தம். பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரியில் இறக்கிவிட வேண்டியதுதான். பள்ளிக்கூடத்துப் பாஸ் மார்க்கைவிட அஞ்சு கம்மி என்று வண்டிக்காரர்கள் கேலி பேசுவார்கள். மார்க் விழுந்ததும் போகவேண்டிய வழியும் திரையில் விழும். மீறித் திருப்பிக்கொண்டு வந்தாலும் இந்த மையத்தின் கேட் திறக்காது.

“வருத்தமாத்தான் இருக்கும்மா. ஆனா ஒரு ஆளுக்காக ரூலை…”

“ஒரு ஆளு இல்ல சார். முள்ளிப்பட்டி விலக்குல யாரு அடிபட்டாலும் ஃபெயில்.”

“என்னது?”

“அந்த ரூட்டுல ஒரு வருசத்துக்கு மேல ஓடுறேன். முள்ளிப்பட்டி விலக்குல ஃபெயில். பருத்திக்குளம் விலக்குல ஃபெயில். ஆனா நடுவுல ஓடைப்பாலம் இருக்கு பாருங்க, சுத்தி வெறும் கரிசக்காடு, மனுச நடமாட்டம் கிடையாது, அங்க விழுந்தவங்க எல்லாம் பாஸ். போன மாசம் அங்க ஒருத்தருக்குக் கால் தனியாத் தொங்குது. நாப்பத்தெட்டு மார்க். கீறல் விழுந்த சுடலைமுத்துக்கு இருபத்தொண்ணு. ஊருக்கு ஊரு வேற வாத்தியாரா மார்க் போடுறாரு?”

வைரவன் முகத்தில் ஏதோ மாறியது. அதுவரை அவளை எப்படி நோகாமல் அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தவர், இப்போது முன்னால் சாய்ந்தார்.

“என்ன படிச்சிருக்கீங்க?”

“பி.எஸ்ஸி. புள்ளியியல். கவர்மென்ட் காலேஜ்.”

“அப்புறம் ஏன் ஆம்புலன்ஸ்ல?”

“எங்க வீட்டுல நான்தான் முதல் பட்டதாரின்னு தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இருக்கு சார். அதைக் காட்டுனா காலேஜ்ல ஃபீஸைக் கொறச்சாங்க. வேலை தர்றேன், அதைக் காட்டுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. எங்கம்மா இன்னும் தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கத்தான் போகுது.”

அவர் எழுந்துபோய்ச் சுவரில் ஒரு வரைபடத்தை வரவைத்தார். நாலுவழிச்சாலை தெற்கே ஒரு கோடாக இறங்கியது. கோட்டின் மேல் புள்ளிகள். பாஸானவர்கள் பச்சை, ஃபெயிலானவர்கள் சிவப்பு. வெறும் காடாகக் கிடந்த இடங்களில் பச்சையும் சிவப்பும் கலந்து தெளித்திருந்தது. ஒவ்வொரு விலக்கிலும் சிவப்பு மட்டும் அம்மை போட்டதுபோல அப்பிக்கிடந்தது.

“இது எங்களுக்குத் தெரிஞ்சதுதான்,” என்றார். “விலக்குன்னா ஜனங்க ரோட்டைக் குறுக்க கடப்பாங்க. நடந்து போறவன் மேல கார் மோதினா அடி பலமாத்தான் இருக்கும். அப்படின்னு ரெண்டு வருசம் முன்னாலயே எழுதி வச்சுட்டோம்.”

“சுடலைமுத்து கடக்கல. மூட்டை மேலருந்து விழுந்தாரு.”

“ம்.”

“பருத்திக்குளத்துல போன வாரம் பைக்ல போன ரெண்டு பேரு. அவங்களும் கடக்கல.”

“சாராயக் கடை ஏதும் பக்கத்துல…”

“முள்ளிப்பட்டியில கிடையாது. ஓடைப்பாலம் தாண்டி ரெண்டு மைல்லதான் ஒண்ணு இருக்கு. பாலத்துல விழுறவங்கதான் பாஸ்.”

வைரவன் தன் தலையைத் தானே சொறிந்துகொண்டார். தெரியவில்லை என்று ஒரு பெரிய டாக்டர் இவ்வளவு வெளிப்படையாக முழிப்பதை மாரிக்கனி அன்றுதான் பார்த்தாள். கோபத்தோடு வந்தவளுக்கு, கோபத்தின் ஓரத்தில் ஒரு குறுகுறுப்பு முளைத்தது. கணக்குப் புத்தகத்தில் விடை பொருந்தாமல் போகும்போது வருமே, அந்த மாதிரி.

“சரி. வண்டியை நிறுத்துறதுலருந்து சொல்லுங்க. நடக்கிறதை அப்படியே. ஒண்ணையும் விடாம.”

“கூட்டம் நிக்கும். பாக்கியத்தாய் அக்கான்னு ஒண்ணு, விலக்குல சோடாக் கடை வச்சிருக்கு. சத்தம் கேட்டா முதல்ல ஓடியாறது அதுதான். கடையை அப்படியே போட்டுட்டு வந்துரும். அடிபட்டவங்க தலையைத் தூக்கி மடியில வச்சுக்கிடும். ஒருத்தரு துண்டால வீசுவாரு. ஒருத்தன் போன்ல படம் புடிப்பான், அவனை நான் வையணும். அக்கா ஒரு சோடாவை உடைச்சு மூஞ்சியில அடிச்சிருக்கும். நான் இறங்குன உடனே ‘தள்ளுங்க, தள்ளுங்க, கைபடாத மார்க் எடுக்கணும்’னு கத்துவேன். பட்டையை ஒட்டுவேன். ஒரு நிமிசம் எல்லாரும் சாமி கும்புடுற மாதிரி நிப்போம்.”

கைபடாத மார்க் என்பது பட்டையின் முதல் விதி. ஆம்புலன்ஸ்காரர் தொடுவதற்கு முன்னால் பட்டை தொட வேண்டும். துடைத்து, தூக்கி, மருந்து கொடுத்த பிறகு எடுக்கிற மார்க் உண்மையான மார்க் இல்லையாம்.

“மூஞ்சியில தண்ணி தெளிச்சிருப்பாங்களா? எப்பவுமா?”

“ரோட்டுல ஒருத்தர் விழுந்து கெடந்தா வேற என்ன சார் செய்வாங்க? உங்க ஊர்ல என்ன செய்வாங்க?”

வைரவன் மேசை டிராயரைத் திறந்து ஒரு நெற்றிப்பட்டையை எடுத்தார். “உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சா உடம்பு என்ன செய்யும்? தோலுக்குப் போற ரத்தத்தை இழுத்து உள்ள வச்சுக்கும். நெத்தி சில்லுன்னு ஆயிடும், வேர்த்து ஊத்தும். இந்தப் பட்டை முதல்ல தேடுறதே அதைத்தான்.”

“அப்ப தண்ணி ஊத்துனாலும் சில்லுன்னு ஈரமாத்தானே இருக்கும்?”

“அதுக்கு ஏமாறாது. மழையில அடிபடுறவங்க இல்லையா? வேர்வையில உப்பு உண்டு. உப்பு இல்லாத ஈரம்னா அது வேர்வை இல்லன்னு பட்டைக்குத் தெரியும். பாருங்க.”

அவரே தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டார். ஒரு நிமிஷம். தொண்ணூற்றேழு.

“மிச்சம் மூணு எங்க சார் போச்சு?”

“ஷுகர். ஊத்துங்க.”

ஃப்ரிட்ஜிலிருந்து குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் தலையில் கவிழ்த்தபோது மாரிக்கனிக்கு ஒரு சந்தோஷம் வந்ததை மறைப்பானேன். அதிகாரத்தின் தலையில் தண்ணீர் ஊற்றுகிற வாய்ப்பு எல்லோருக்கும் கிடைத்துவிடாது. டாக்டர் நடுங்கினார். ஒரு நிமிஷம் கழித்துத் தொண்ணூற்றாறு.

“பாத்தீங்களா? ஒண்ணுதான் கொறஞ்சுது.”

கதவைத் திறந்துகொண்டு டீ கிளாஸ் எடுக்க வந்த உதவியாளர் திரவியம் அப்படியே நின்றார். “சார்! மயங்கிட்டீங்களா?”

“இல்லய்யா. ஒரு பரிசோதனை.”

மாரிக்கனி வெறும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். “சார், நான் தண்ணின்னு சொல்லல. சோடான்னு சொன்னேன். நீங்கதான் தண்ணின்னு எடுத்துக்கிட்டீங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா, சோடாவுல கேஸும் கொஞ்சம் உப்…”

சொல்லி முடிக்காமல் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார்.

“திரவியம், கீழ கடையில போய் ஒரு சோடா வாங்கிட்டு வாங்க. ஓடுங்க.”

“பன்னீர் சோடாவா, சாதாவா சார்?”

“சாதா. சில்லுன்னு.”

“குடிக்கத்தானே?”

“தலையில ஊத்த.”

திரவியம் மாரிக்கனியை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

சோடா வந்தது. வைரவன் தலையைத் துவட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். தொண்ணூற்றேழு. பாக்கியத்தாய் அக்கா செய்கிற மாதிரியே உள்ளங்கையில் வாங்கி, சளார் சளார் என்று முகத்தில் அடித்தாள் மாரிக்கனி. பட்டையின் எண் முதலில் நின்றது. பிறகு படியில் உருளும் பந்து மாதிரி இறங்கத் தொடங்கியது. எண்பது. எழுபத்திரண்டு. அறுபத்தைந்து. ஐம்பத்தொன்பதில் நின்றது.

“ஆத்தாடி!” என்று மாரிக்கனி கைதட்டிச் சிரித்துவிட்டாள். வைரவனும் சோடா சொட்டச் சொட்டச் சிரித்தார். ஒரு புதிர் அவிழ்ந்தால் வருகிற சிரிப்பு அது, அதற்கு நல்லது கெட்டது தெரியாது.

பிறகு அவள் கூட்டிப் பார்த்தாள். சோடாவால் குறைந்த மார்க் முப்பத்தெட்டு. சுடலைமுத்துவின் இருபத்தொன்றும் இந்த முப்பத்தெட்டும்.

சிரிப்பு நின்றுவிட்டது.

“அவரும் அம்பத்தொம்பது சார். சோடா இல்லாட்டி இங்கதான் வந்திருப்பாரு.”

“எல்லாருக்கும் ஒரே அளவு கொறையாது…”

“முப்பதுக்கு மேல வந்திருப்பாரா, இல்லையா?”

“வந்திருப்பார்.”

“இப்பச் சொல்லுங்க. என்ன ஆனாரு?”

வைரவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். பெயரைத் தட்டினார். படித்தார். திரும்பாமலேயே சொன்னார்.

“புதன்கிழமை காலையில இறந்துட்டார். மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. அங்க ஆபரேஷனுக்கு ஆள் இல்ல.”

“எவ்வளவு நேரம் உயிரோட இருந்தாரு?”

“பதினாலு மணி நேரம்.”

ஒன்றேகால் மணி நேரம் தாங்கமாட்டார் என்று சொன்ன பட்டை. அவர் பதினாலு மணி நேரம் தாங்கியிருக்கிறார். மாரிக்கனி அழுவாள் என்று வைரவன் நினைத்திருக்க வேண்டும். டிஷ்யூ டப்பாவை நகர்த்தினார். அவள் அதைத் திரும்ப அவர் பக்கமே தள்ளினாள். “உங்களுக்குத்தான் இன்னும் சொட்டுது. தொடைங்க.”

கீழே ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு உள்ளே வந்தது. பாஸானவர் யாரோ.

“சரி சார். தப்பு தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கே மாத்திருங்க.”

“முடியாது.”

“ஏன்?”

“பட்டைக்கு யாரும் விதி எழுதறதில்லம்மா. அது தானாப் படிக்குது. யார் பிழைச்சாங்க, யார் செத்தாங்கன்னு மாசா மாசம் உள்ள போகும், அதைப் பாத்து மார்க் போடக் கத்துக்கும். இருங்க.” பழைய மாதங்களைப் பின்னோக்கி ஓடவிட்டார். “முதல் வருசம் இந்த மாதிரி ஈரத்துக்கு ஏழெட்டு மார்க்தான் கொறச்சிருக்கு. எல்லைக்கோட்டுல இருந்த சிலபேர் அதனால முப்பதுக்குக் கீழ போனாங்க. தாலுகாவுக்குப் போனாங்க. அங்க செத்தாங்க. அதைப் பாத்த உடனே, ஓ, ஈர நெத்தின்னா சாவுதான் போலன்னு பட்டை கத்துக்கிச்சு. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கொறச்சுது. இன்னும் கொஞ்சம் பேர்…”

“அதுவே சாகவிட்டுட்டு, நான்தான் அன்னைக்கே சொன்னேன்லன்னு சொல்லுதா?”

“அப்படித்தான்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “நாங்களும் எவ்வளவு சரியாச் சொல்லுதுன்னு பாராட்டிக்கிட்டு இருக்கோம். வருசத்துக்கு வருசம் துல்லியம் ஏறுதுன்னு போன மாசம்தான் கேக் வெட்டினோம்.”

“நீங்க கையால மாத்தலாம்ல? சோடாவைக் கணக்குல எடுக்காதேன்னு.”

“மனுசன் கைவைக்கக் கூடாதுன்னுதான் சட்டமே. முன்னெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. யாரை எங்க கொண்டுபோறதுன்னு மனுசன் முடிவு பண்ணினான். சட்டையைப் பாத்தான், காரைப் பாத்தான், ஆள் என்ன ஆளுன்னு பாத்தான். கவுன்சிலர் மச்சான்னா மதுரை, கூலிக்காரன்னா தாலுகா. இனிமே எவனும் கைவைக்க முடியாதுன்னு சட்டம் வரணும்னு சண்டை போட்டவங்கள்ல நானும் ஒருத்தன்.”

பழைய காலத்தில் தன் அப்பாவை எங்கே கொண்டுபோயிருப்பார்கள் என்று மாரிக்கனிக்குத் தெரியும்.

“அப்ப வழியே இல்லையா?”

“எதிரான கேஸ் வேணும். நெத்தியில சோடாவோட கம்மி மார்க் வாங்கி, ஆனாலும் இங்க வந்து, ஆபரேஷன் ஆகிப் பிழைச்ச கேஸ். ஒரு ஐநூறு இருந்தாப் போதும், பட்டை தானே திருத்திக்கும்.”

“இப்ப எத்தனை இருக்கு?”

“ஒண்ணுகூட இல்ல. வரவிட்டாத்தானே இருக்கும்?” மூக்கின் நுனியில் நின்ற சொட்டைத் துடைத்தார். “கமிட்டிக்கு எழுதறேன். கட்டாயம் எழுதறேன். ஒரு வருசம் ஆகலாம்.”

“அதுவரைக்கும் கடைக்காரங்ககிட்ட சோடா அடிக்காதீங்கன்னாவது சொல்லுங்க.”

“என்ன சொல்லச் சொல்றீங்க? அந்த அம்மாகிட்டப் போய், நீ ஊத்தின சோடாதான் இத்தனை பேரைக் கொன்னுச்சுன்னா? அதுக்கப்புறம் அவங்க ரோட்டுக்கு ஓடி வருவாங்களா? வேற யாராவது வருவாங்களா? போலீஸ் கேஸுக்குப் பயந்து பாத்தும் பாக்காம போற ஜனங்க இப்பத்தான் இறங்கி வர ஆரம்பிச்சிருக்காங்க.”

மாரிக்கனி பாக்கியத்தாய் அக்காவை நினைத்துப் பார்த்தாள். யார் யார் தலையையோ மடியில் வைத்து, ரத்தக்கறை போகாத ஒரு சேலை அவளிடம் உண்டு. வியாபாரத்துக்கு அதையே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளிடம் எந்த வாயால் சொல்வது?

“இன்னொண்ணும் இருக்கு,” என்றார் வைரவன். “அந்த ஐநூறு பேரும் இங்க வந்தா, வேற ஐநூறு பேருக்குக் கட்டில் இருக்காது.”

“வரட்டும் சார். வந்து வராண்டாவுல படுக்கட்டும். அப்பத்தான் கட்டில் பத்தலைன்னு வெளிய தெரியும். பாதிப்பேரை வழியிலேயே ஃபெயிலாக்கிட்டு, கட்டில் சரியா இருக்குன்னு காட்டிக்கிட்டு இருக்கீங்க.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “இதுக்குத்தானே கேக்காதேன்னு ரூல் போட்டீங்க? கேட்டா நாங்க கண்டுபுடிச்சுருவோம்னு.”

“அந்த ரூலை நாங்க போடலம்மா.”

“பின்ன?”

“முதல் வருசம் வண்டியில வேலை பாத்தவங்களே எழுதிக் கொடுத்தாங்க. கொண்டுபோய் விட்டவர் செத்துட்டார்னு தெரிஞ்சா அடுத்த வண்டியில ஏற முடியல, எங்களுக்குச் சொல்லாதீங்கன்னு. தூக்கம் போச்சு, குடிக்க ஆரம்பிச்சுட்டோம்னு எழுதியிருந்தாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல.”

இது அவள் எதிர்பார்க்காத அடி. மேலே இருக்கிறவன்தான் பூட்டினான் என்று நம்பிக்கொண்டு கதவை உதைக்க வந்தவளுக்கு, தாழ்ப்பாள் அவள் நின்ற பக்கத்திலேயே இருந்தது.

வைரவன் திரையை அணைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “இங்க வந்துருங்க மாரிக்கனி. எங்ககிட்ட பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்க பன்னிரண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர்கூட ரோட்டுல நின்னதில்ல. உங்க டிகிரிக்குத் தகுந்த வேலை, நல்ல சம்பளம். உள்ள இருந்தே சேர்ந்து மாத்துவோம். ஆனா கமிட்டி முடிவு பண்ற வரைக்கும் இந்த சோடா விஷயம் வெளிய போகக் கூடாது.”

நல்ல மனுஷர்தான். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஏசி ஓடுகிற அறை, ஜன்னலோர நாற்காலி. அம்மாவைத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போக வேண்டாம் என்று சொல்லலாம். ஊரில் எல்லோரும் கேட்டார்களே, படிச்சு என்னத்தக் கிழிச்சே என்று, அவர்களுக்கெல்லாம் ஒரு பதில். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வருஷம் இந்த ஜன்னல் வழியாக வண்டிகளைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். வராத வண்டிகள் ஜன்னலில் தெரியாது.

“சார், ஒரு சந்தேகம். பட்டையை ஒட்டியாச்சு. ஃபெயில் மார்க் வந்துருச்சு. அப்புறம் அதை எடுத்துட்டு, மூஞ்சியைத் தொடைச்சுட்டு, மறுபடி ஒட்டுனா என்ன ஆகும்?”

“அது கைபட்ட மார்க்.”

“செல்லாதா?”

“செல்லும். ரெண்டு மார்க்கும் பதிவுல நிக்கும். கடைசியா வந்ததுதான் வழி காட்டும், கேட்டும் அதுக்குத்தான் திறக்கும். ஆம்புலன்ஸ்காரர் செஞ்ச தப்புக்கு அடிபட்டவரைத் தண்டிக்க முடியாதே. ஆனா பட்டையில கேமரா இருக்கு. மூணு தடவை கைபட்டா அந்த ஆளுக்கு வேலை போயிரும்.”

“மூணு தடவை.”

“ஆமா.”

“மொத்தம் எத்தனை வண்டி ஓடுது?”

“இருநூறு இருக்கும். எதுக்குக் கேக்…”

டாக்டர் நிறுத்தினார். அவர் மனசுக்குள் பெருக்குவது அவளுக்கு முகத்திலேயே தெரிந்தது. அவள் முன்னாலேயே பெருக்கி முடித்திருந்தாள்: அறுநூறு; தேவை ஐநூறு.

“மாரிக்கனி, வேணாம். யாரும் ஒத்துக்க மாட்டாங்க. கேக்கவே வேணாம்னு எழுதிக் கொடுத்தவங்க அவங்க.”

“அவங்களுக்கு செத்தவங்க கணக்கைத்தானே சார் சொல்லியிருப்பீங்க. ஏன் செத்தாங்கன்னு யாரும் சொல்லல.” அவள் எழுந்து நாற்காலியை இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டாள். “அந்த அக்கா பாட்டுக்கு ஊத்தட்டும். நாங்க தொடைச்சுக்கிடுறோம்.”

“வேலை போயிரும்மா. மூணே நாள்ல போயிரும்.”

“போகட்டும். மூணு பேரு வந்து சேருவாங்கல்ல? அவங்களை நல்லாப் பாருங்க. பிழைக்கலேன்னா உங்க பட்டைதான் ஜெயிக்கும்.”

தடுக்கவேண்டும் என்றால் மேசை மேல் போன் இருந்தது. வைரவன் அதைத் தொடவில்லை. மாரிக்கனி கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. படியில் இறங்கிக்கொண்டே தன் வண்டி டிரைவர் ஆரோக்கியத்துக்குப் போன் போட்டாள். இருபது வருஷம் லாரி ஓட்டிவிட்டு ஆம்புலன்ஸுக்கு வந்த மனுஷர். முதல் வருஷத்து ஆள்.

“என்ன பாப்பா, வேலையை விட்டுத் தூக்கிட்டாகளா?”

“இன்னும் இல்லண்ணே. கேக்கக் கூடாதுன்னு முதல் வருசம் எழுதிக் கொடுத்தாங்களாமே, நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களா?”

பதில் வருவதற்குள் ஒரு மாடி இறங்கிவிட்டாள்.

“போட்டேன் தாயி.”

“சுடலைமுத்து செத்துட்டாருண்ணே. பிழைச்சிருக்க வேண்டிய ஆளு.” இன்னொரு மாடி இறங்குவதற்குள் சோடாவைச் சொன்னாள், டாக்டர் தலையில் ஊற்றியதைச் சொன்னாள், என்ன செய்யப்போகிறாள் என்பதையும் சொன்னாள். “வேலை போயிரும்ணே. மூணாவது மூஞ்சியோட.”

“உனக்கா, எனக்கா?”

“வண்டியோட ரெண்டு பேருக்கும்தான்.”

ஆரோக்கியம் நீளமாக ஒரு மூச்சு விட்டது போனில் கேட்டது. “மத்த வண்டிக்காரப் பயலுக நம்பரெல்லாம் எங்கிட்டத்தான் இருக்கு,” என்றார். பிறகு, “தொடைக்கத் துண்டு வாங்கணுமா? பஜார்லதான் நிக்கேன்.”

கேட்டைத் தாண்டி வெயிலில் இறங்கினாள் மாரிக்கனி.

“புதுத்துண்டு வேணாம்ணே, ஈரத்தை இழுக்காது. வீட்டுல பழைய வேட்டி இருந்தாக் கிழிச்சுக் கொண்டாங்க.”